பிடிவாரண்ட் இருக்கிறதா? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தேடுவது எப்படி

'என் பெயரில் வாரண்ட் இருக்கிறதா?' என்று இணையத்தில் தட்டினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பக்கங்கள். அங்கே பல கவுண்டிகளில் ஷெரிஃப் அலுவலகமே நிலுவை வாரண்டுகளின் பட்டியலை வெளியிடுகிறது. பெயரைக் கொடுத்தால் பதில் வந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு பக்கம் எங்காவது இருக்கும் என்று நினைத்துத் தேடினால் நேரம்தான் வீண். யார் யார் பெயரில் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது என்று பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியல் நம் நாட்டில் இல்லை. காசு கட்டினால் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் தனியார் தளங்களிடமும் அது கிடையாது.

ஆனால் வழக்கு விவரம் பொதுவில் இருக்கிறது. எந்த நீதிமன்றம், என்ன எண், அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்க்கலாம். நம் ஊரில் பிடிவாரண்ட் என்பது அந்த வழக்கின் நடவடிக்கைக் குறிப்பில் வருகிற ஒரு வரி. ஆகவே வாரண்டைத் தேடாமல் வழக்கைத் தேட வேண்டும்.

எந்த வழக்கு என்று தெரிய, வாரண்ட் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கொலை, கொள்ளை செய்துவிட்டு ஓடுகிறவர்களுக்குத்தான் வாரண்ட் வரும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நிலவரம் வேறு. கோயில் திருவிழாவில் ஒரு கைகலப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பைக் விபத்து, வலை அறுந்ததில் இரண்டு படகுக்காரர்களுக்குள் தகராறு. வழக்குப் பதிவாகும், ஜாமீனும் கிடைத்துவிடும். அப்புறம் வாய்தா, வாய்தா என்று இழுக்கும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. திங்களிலோ புதனிலோ வாய்தா விழுந்தால் ஆள் கடலில் இருப்பார். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் என்றால் ஆள் துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். போகிற அவசரத்தில் வக்கீலிடம் சொல்லாமலே விமானம் ஏறியவர்கள் உண்டு. வராத நாளுக்கு வக்கீல் ஒரு மனு போட்டால் நீதிமன்றம் அன்றைக்கு விட்டுவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து அதை இன்னும் '317 மனு' என்றுதான் சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் அது 355. அந்த மனுவும் இல்லாமல் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால், அன்று மாலையே பிடிவாரண்ட் உத்தரவாகலாம். இந்தக் கடற்கரையில் வாரண்டுக்கு முக்கியக் காரணம் தலைமறைவு அல்ல, தவறிய வாய்தா என்பது என் கணிப்பு.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. வாரண்ட் பற்றிய அடிப்படை மாறவில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது 72-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு: கொடுத்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை, வாரண்ட் செல்லும். மூன்று வருடம் ஆகிவிட்டது, தானாகக் காலாவதியாகியிருக்கும் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பத்து வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தாலும் அது அப்படியே இருக்கும்.

வாரண்டில் இரண்டு வகை. ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் என்றால், அதில் குறித்துள்ள தொகைக்குப் பிணையம் எழுதிக் கொடுத்ததும் போலீஸாரே விட்டுவிடுவார்கள். குறித்த நாளில் ஆஜரானால் போதும். ஜாமீனில் விடமுடியாத வாரண்ட் என்றால் பிடித்து நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வக்கீல் குமாஸ்தாக்கள் வாயில் 'என்.பி.டபிள்யூ.' என்று வருவது இதுதான். முதலில் சம்மன், பிறகு ஜாமீன் வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் இது என்ற வரிசையை 2007-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஜாமீனில் போய் வாய்தாவுக்கு வராதவர் விஷயத்தில் அந்தப் படிகள் எல்லாம் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, தேடுவது எப்படி?

மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் மத்திய அரசின் இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்தில் இருக்கின்றன. அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு, கட்டணம் இல்லை. கையில் சி.என்.ஆர். எண் இருந்தால் வேலை ஒரு நொடி. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் பதினாறு இலக்க எண் அது. நம் மாநில வழக்குகளுக்குத் 'டி.என்.' என்று தொடங்கும். வக்கீலிடம் கேட்டு வாங்கி ஒரு முறை செயலியில் சேமித்துவிட்டால், துபாயிலிருந்தும் வாய்தா தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் செய்து வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு என்பதுதான் ஆச்சரியம்.

அந்த எண் இல்லாவிட்டால், மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். வளாகம் மாறினால் வழக்கு கண்ணில் படாது. ராமநாதபுரத்தில் மாவட்ட நீதிமன்றமும் அதைச் சேர்ந்தவையும் இருக்கின்றன. ராமேசுவரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, கமுதி ஆகியவற்றுக்குத் தனி நீதிமன்றங்கள். தங்கச்சிமடத்துக்காரர் ராமேசுவரம் வளாகத்தில் தேட வேண்டும், தொண்டிக்காரர் திருவாடானையில். அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய பெரிய குற்றமாக இருந்தால் வழக்கு மாவட்டத் தலைநகருக்குப் போயிருக்கும். ஆகவே இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பெயரை வைத்துத் தேடலாம், ஆனால் இங்கேதான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். முனியசாமியை எத்தனை விதமாக எழுதலாம், முகமதுவை எத்தனை விதமாக எழுதலாம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆதாரில் உள்ள எழுத்துப்படி தேடினால் வராமல் போகலாம். அன்றைக்கு ஸ்டேஷன் எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் இருக்கும். முழுப் பெயரையும் போடாமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்தால் வலை அகலமாக விழும். வழக்கு ஆண்டும் கேட்கும். அது சம்பவம் நடந்த ஆண்டு அல்ல, நீதிமன்றத்தில் வழக்குக்கு எண் விழுந்த ஆண்டு. 2019-இல் நடந்த அடிதடிக்கு 2021-இல் எண் விழுந்திருக்கலாம். ஆண்டை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஒரே வழக்கில் ஐந்து எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருந்தால் தலைப்பில் முதல் எதிரியின் பெயர் மட்டும் தெரியும். உங்கள் பெயரில் கிடைக்காவிட்டால் ஏ-1, அதாவது முதல் எதிரி, யாரோ அவர் பெயரில் தேடிப் பாருங்கள்.

இதைவிடச் சுலபமான வழி குற்ற எண். காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கையின் எண், ஆண்டு மூன்றும் தெரிந்தால் அதே தளத்தில் அவற்றைக் கொண்டே வழக்கைப் பிடித்துவிடலாம். அந்த எண் தெரியாதவர்கள் தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்துக்குப் போகலாம். முதல் தகவல் அறிக்கைகளை அங்கே பார்க்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள், இணைய வசதி மோசமான இடம் என்றால் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. மனு கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு வழக்கு என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். வழக்கு அல்ல, அந்தக் கட்டத்தில் நீதிமன்ற வாரண்டுக்கு வேலையே இல்லை.

வழக்கு கிடைத்துவிட்டால் கீழே வாய்தாக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு சொல் இருக்கும். தேதியைத் தொட்டால் அன்றைய நடவடிக்கை இரண்டு மூன்று வரிகளில் திறக்கும். எதிரி வரவில்லை, மனு இல்லை, என்.பி.டபிள்யூ. உத்தரவு என்று அங்கேதான் எழுதியிருக்கும். தொடர்ந்து நாலைந்து வாய்தாவுக்கு 'வாரண்ட் நிலுவை' என்றே வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எத்தனையாவது எதிரிக்கு என்பதையும் கவனித்துப் படியுங்கள். ஏ-3-க்குப் போட்ட வாரண்டைப் பார்த்துவிட்டு ஏ-2 தூக்கம் கெட வேண்டாம்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒருவர் மட்டும் வராமல் இருந்தால் மற்றவர்களின் விசாரணை நிற்கக் கூடாது என்று அவர் வழக்கை மட்டும் பிரித்து விடுவார்கள். பிரித்ததற்குப் புது எண் விழும். பழைய எண்ணில் பார்த்தால் 'விடுதலை, வழக்கு முடிந்தது' என்று இருக்கும். அது மற்ற நான்கு பேருக்கு. ஊரில் இருக்கிற கூட்டாளி 'மச்சான், கேஸ் முடிஞ்சுருச்சு' என்று வாட்ஸ்அப்பில் சொல்வதும் உண்மைதான், அவன் கேஸ் முடிந்துவிட்டது. இன்னொன்று, நெடுநாள் ஆள் கிடைக்காத வழக்கை நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எல்.பி.சி. என்பார்கள். அது தினசரி வாய்தாப் பட்டியலில் வராது, ஆனால் வாரண்ட் உயிரோடுதான் இருக்கும்.

போலீஸ் தளத்தில் எதுவும் இல்லை என்பதால் நிம்மதியாக இருக்க முடியாத வழக்குகளும் இந்தக் கடற்கரையில் உண்டு. கடல் அட்டை வழக்கு அப்படி. 2001 முதல் கடல் அட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வனத்துறை ஊழியர்கள் பிடித்தால் வனத்துறையே குற்ற அறிக்கை எழுதி, நேராக நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யும். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை இருக்காது. இ-கோர்ட்ஸில் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும். வாதி இடத்தில் வனச்சரக அலுவலர் இருப்பார்.

செக் வழக்கும் அதே மாதிரி. கருவாட்டு வியாபாரத்தில், மீன் கம்பெனிக் கணக்கில், படகு எஞ்சின் கடனில் கொடுத்த காசோலை திரும்பினால் தனிநபர் புகாராக நேரே நீதிமன்றத்துக்குப் போகும். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, காசோலையை வாங்கியவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு. பாம்பன்காரர் பெயரில் வாரண்ட் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ பிறந்திருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தை மட்டும் சலித்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது. யாருக்குக் காசோலை கொடுத்தோம், அவருக்கு எந்த ஊர் வங்கி என்று யோசித்து அந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இலங்கைக் கடற்படையிடம் சிக்கி, ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நின்றுவிட்டு வந்தவர்களின் வழக்கு இந்தத் தளம் எதிலும் வராது. ஒத்திவைத்த தண்டனையோடு விடுதலையாகி வந்திருந்தால் அந்தத் தீர்ப்பு அங்கே நிற்கிறது. மறுபடி பிடிபட்டால்தான் அதன் கனம் தெரியும். படகு வழக்கின் தேதிகளை அங்கே அமர்த்திய வழக்கறிஞர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

இணையத்தில் பார்ப்பது முதல் படிதான். பதிவு ஏற்றுவதில் தாமதம் இருக்கலாம், நேற்று ரத்தான வாரண்ட் இன்றும் நிலுவை என்று காட்டலாம், அதே பெயரில் இன்னொருவர் இருக்கலாம். உறுதி செய்ய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதிமன்ற வளாகங்களில் இ-சேவா மையம் என்று ஒன்று இருக்கிறது. வருமானச் சான்றிதழ் வாங்கப் போகிற இ-சேவை மையம் அல்ல, இது வழக்கு விவரம் சொல்வதற்கானது. அதைவிட வேகமான ஆள் வக்கீல் குமாஸ்தா. பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்குக் கட்டைப் பார்த்துவிட்டு, வாரண்ட் எந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது என்பதைக் கோர்ட் டூட்டி போலீஸிடம் கேட்டு வந்துவிடுவார். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். தொலைபேசியில் 15100.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். ஜாமீனில் விடமுடியாத வாரண்ட் மேஜையில் இருக்கும்போது எதிரியே வந்து நின்றால் பிடித்து வைப்பது அவர்கள் கடமை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் சிக்கல். வழக்கறிஞரை அனுப்பிக் கேளுங்கள். நிலையங்களில் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. அது கைதாகிவிட்டவர்களைப் பற்றியது, பிடிபட வேண்டியவர்கள் பட்டியல் அல்ல.

எல்லோர் கண்ணிலும் படும்படி சட்டமே வெளியிடச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. வாரண்ட் போட்டும் ஆள் ஒளிந்துகொண்டார் என்று நீதிமன்றம் நம்பினால், 84-ஆம் பிரிவின் கீழ் பிரகடனம் வெளியிடும். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, இந்தத் தேதியில் ஆஜராகு என்று ஊரில் பலர் அறியப் படிக்க வேண்டும், வீட்டில் ஒட்ட வேண்டும், நீதிமன்றப் பலகையிலும் ஒட்ட வேண்டும். செய்தித்தாளிலும் போடச் சொல்லலாம். வீட்டுக் கதவில் அப்படி ஒன்று ஒட்டப்பட்ட பிறகு இணையத்தில் தேட எதுவும் இல்லை. அடுத்தது சொத்து முடக்கம்.

அதற்கு முன்பே வருகிற ஓர் அறிகுறியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. வாய்தாவுக்கு வராவிட்டால் ஜாமீன்தாருக்கு நோட்டீஸ் போகும். வீட்டு வரி ரசீதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கோ பக்கத்து வீட்டு அண்ணனுக்கோ நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தால், உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது என்று அநேகமாக முடிவுகட்டிவிடலாம். 'ஆள் ஊரில் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவதால் ஜாமீன்தார் தலைக்குத்தான் பிணையத் தொகை விழும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது வெளிப்படும். கைது வாரண்டோ ஆஜராகச் சொல்லும் சம்மனோ இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்கலாம், இருப்பதையும் பறிக்கலாம் என்று 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தில் மறைத்தால் அது தனிக் குற்றம். வழக்கு நிலுவையில் இருப்பவர் நீதிமன்ற அனுமதி பெற்று பாஸ்போர்ட் வாங்க 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழி செய்திருக்கிறது. ஆனால் வாரண்டை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்தில் போய் அனுமதி கேட்பது? முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். விமான நிலையங்களுக்குப் போகும் லுக்-அவுட் நோட்டீஸோ பொதுமக்கள் பார்க்கும் ஆவணமே அல்ல.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் வருகிற 'வாரண்ட்' ஒன்று இருக்கிறது. சி.பி.ஐ. முத்திரை, உச்ச நீதிமன்ற முத்திரை எல்லாம் போட்டு, வீடியோவில் காக்கிச் சட்டையோடு ஒருவர் பேசுவார். பணம் கட்டினால் கைது இல்லை என்பார். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. வாரண்டைப் பணம் கட்டி முடித்துவைக்கும் அதிகாரம் எந்தப் போலீஸ்காரருக்கும் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். வழக்கு எண் கேட்டு இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்த்தாலே பாதிப் புரட்டு வெளியே வந்துவிடும்.

உண்மையிலேயே வாரண்ட் இருந்தால் ரத்து செய்யப் போக வேண்டிய இடம் அதைக் கொடுத்த நீதிமன்றம். வக்கீலோடு நேரில் ஆஜராகி, வராததற்குக் காரணம் சொல்லி வாரண்ட் ரீகால் மனு போட வேண்டும். கடலுக்குப் போன டோக்கன், மருத்துவச் சீட்டு, பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை என்று எது கையில் இருக்கிறதோ அதை இணைப்பது உதவும். சின்ன வழக்கு, முதல் தடவை என்றால் பெரும்பாலும் அன்றே ரத்தாகும். புதிதாகப் பிணையம் கேட்கலாம், செலவுத் தொகை கட்டச் சொல்லலாம். பல வருடம் வராமலிருந்து பெரிய வழக்காகவும் இருந்தால் சிறைக்கு அனுப்பவும் கூடும். அந்தப் பயம் இருப்பவர்கள், ரீகால் மனுவை அன்றே விசாரித்து முடிவு செய்யும்படி உத்தரவு கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை முதலில் அணுகுவதுண்டு. தாமாக வந்து நிற்பவருக்கும் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துபவருக்கும் நீதிபதி காட்டும் முகம் ஒன்றாக இருக்காது. தேர்தல் நெருங்கினால் நிலுவை வாரண்டுகளை நிறைவேற்றச் சொல்லித் தேர்தல் ஆணையம் நெருக்கும். அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

ரத்தானதும் வேலை முடிந்துவிட்டது என்று பஸ் ஏறிவிடாதீர்கள். மும்பையில் வழக்கறிஞர் ஒருவரையே, வாரண்ட் ரத்தாகி மூன்று நாள் கழித்து, 2002 சுதந்திர தினத்தன்று போலீஸ் கைது செய்தது. அந்த வழக்கில்தான் 2011-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் நெறிமுறை வகுத்தது. நெறிமுறை இருந்தாலும், ரத்து உத்தரவுக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி, வக்கீல் மூலம் ஸ்டேஷனில் கொடுத்து, வாரண்ட் பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டார்களா என்று நிலைய எழுத்தரிடம் கேட்டுவிடுங்கள். அடுத்த வாய்தா தேதியை அன்றே செயலியில் ஏற்றிவிடலாம்.